கட்டளைகளால் ஆன பெட்டி

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை இரவு. ஈரானின் தரவு மையங்களில் ஓடிக்கொண்டிருந்த சிஸ்கோ சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை நிறுத்தின. திரையில் எழுத்துக்குறிகளாலேயே வரையப்பட்ட ஓர் அமெரிக்கக் கொடி. அதோடு, எங்கள் தேர்தல்களில் கை வைக்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை. உலகம் முழுக்க 2 லட்சம் சுவிட்சுகள், ஈரானில் மட்டும் 3,500 என்று அந்நாட்டுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கணக்குச் சொன்னது. எந்தக் கருவியும் எரிந்துபோகவில்லை, எந்தக் கேபிளும் அறுபடவில்லை. மின்சாரமும் இருந்தது, மென்பொருளும் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் காணாமல் போனது சில நூறு வரி எழுத்து மட்டும்தான்.

அந்த எழுத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் கான்ஃபிக். கடையிலிருந்து வந்திறங்கும் ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. தன் பெயர் என்ன, எந்தப் போர்ட்டில் எந்த ஐபி முகவரி, எந்தப் பக்கம் போகும் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம், யார் உள்ளே வந்து கட்டளை கொடுக்கலாம் என்பதையெல்லாம் ஒரு மனிதர் விசைப்பலகையில் தட்டித்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பல லட்ச ரூபாய் பெட்டியின் அடையாளம் முழுவதும் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பெட்டி செத்தால் அதே மாடலில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பல ஆண்டுகளாகப் பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த அந்த வரிகளை வாங்க முடியாது. சேர்த்தவர்களில் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஆகவே பேக்கப்.

எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் எடுத்ததைத் திரும்பப் போடுகிற நாளில்தான், கான்ஃபிக் என்பது மற்ற கோப்புகளைப் போன்றது அல்ல என்று தெரியவருகிறது. ஒரு புகைப்படத்தையோ கணக்குப் புத்தகத்தையோ நகலெடுத்து அதே இடத்தில் வைத்தால் பழைய நிலை திரும்பிவிடும். கான்ஃபிக்கோ கட்டளைகளின் வரிசை. அதை யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்வது போலத்தான் ரவுட்டர் ஒவ்வொரு வரியாகப் படித்து நிறைவேற்றுகிறது. இந்தத் துறையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த கண்டுபிடிப்புகளில் பாதி, இந்த ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டியதன் விளைவு என்பது என் கணிப்பு.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சிஸ்கோ ரவுட்டரில் கான்ஃபிக் இரண்டு இடங்களில் இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது ரன்னிங்-கான்ஃபிக்; அது ரேம் நினைவகத்தில் வாழ்கிறது, மின்சாரம் போனால் போய்விடும். அடுத்த முறை விழித்தெழும்போது படிக்க வேண்டியது ஸ்டார்ட்அப்-கான்ஃபிக். அது மின்சாரம் போனாலும் அழியாத என்விரேமில் இருக்கிறது. 1990-களில் உலகெங்கும் விற்ற 2500 வரிசை ரவுட்டரில் இந்த என்விரேமின் அளவு 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் அடங்காது. ஒரு நிறுவனத்தின் மொத்தப் போக்குவரத்து விதியும் அதற்குள் அடங்கியது.

கட்டளை கொடுத்தால் உடனே ரன்னிங் மாறும். 'ரைட் மெமரி' என்றோ, 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்றோ சொல்லும்வரை ஸ்டார்ட்அப் மாறாது. இதைச் செய்ய மறந்து, மூன்று மாதம் கழித்து மின்தடையின்போது மாற்றங்களைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஆனால் இந்த இரட்டை நினைவுக்கு ஓர் அழகான பயனும் உண்டு. தொலைவில் இருக்கும் ரவுட்டரில் ஆபத்தான மாற்றம் செய்யும் முன், பழைய கைகள் 'ரீலோட் இன் 10' என்று தட்டிவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து நீயே மறுதொடக்கம் செய்துகொள் என்று பொருள். மாற்றம் தவறாகி இணைப்பே அறுந்துபோனாலும், பத்தாவது நிமிடம் பெட்டி தானே எழுந்து பழைய ஸ்டார்ட்அப்பைப் படித்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் 'ரீலோட் கேன்சல்'. என்விரேமே முதல் பேக்கப் என்பதைக் கையேடுகளைவிட இந்தத் தந்திரம் தெளிவாகச் சொல்லித்தருகிறது.

பெட்டியோடு பேக்கப்பும் சேர்ந்து எரியக் கூடாது என்றால் அதை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது டிஎஃப்டிபி. 1981-இல் ஆர்எஃப்சி 783 என்ற ஆவணமாக வந்து, 1992-இல் ஆர்எஃப்சி 1350 ஆகத் திருத்தப்பட்ட எளிய நெறிமுறை இது. இதைவிட எளிதாக ஒன்றை வடிவமைப்பது கடினம். கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி, ஒன்றை அனுப்பிவிட்டு 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காகக் காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்பும். 512-க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். 20 கிலோபைட் கான்ஃபிக் என்றால் சரியாக 40 துண்டுகள். ஆனால் கடைசித் துண்டும் முழு 512 ஆக இருப்பதால், முடிந்துவிட்டது என்று சொல்வதற்காகவே 41-ஆவதாக ஒரு வெற்றுத் துண்டு போகும்.

பயனர் பெயர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, கோப்புகளின் பட்டியலைக் கேட்கும் வசதியும் கிடையாது. மென்பொருளே இல்லாமல் கிடக்கும் ஒரு பெட்டியின் சிறிய ரோம் சில்லுக்குள்ளும் அடங்கும் அளவுக்கு நெறிமுறை சிறிதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கடவுச்சொல் இல்லாத குறையை யூனிக்ஸ் சர்வர்கள் தம் வழியில் ஈடுகட்டின. கோப்பு ஏற்கெனவே இருந்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதியும் இருந்தால்தான் எழுதவிடும். அதனால் பேக்கப் எடுக்கும் முன் 'டச்' கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, 'சிஹெச்மோட் 666' என்று திறந்துவிடுவது ஒரு சடங்காகவே இருந்தது. துண்டின் எண்ணுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கியதால் கோப்பின் அளவு 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது என்ற வரம்பும் இருந்தது. கான்ஃபிக்குக்கு அது போதும். ரவுட்டரின் மென்பொருள் கோப்புகள் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்தபோது பல சர்வர்கள் பாதி வழியில் நின்றுபோயின.

ஈரான் விஷயத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. புதிய சுவிட்சுகளைத் தொழில்நுட்பர் போய்த் தொடாமலே அமைப்பதற்காக சிஸ்கோ 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்றொரு வசதி வைத்திருந்தது. 4786 என்ற போர்ட்டில் காத்திருக்கும் சுவிட்ச், வந்து பேசுபவர் யார் என்று விசாரிக்காது. 'உன் கான்ஃபிக்கை இந்த டிஎஃப்டிபி சர்வருக்கு அனுப்பு' என்றால் அனுப்பும்; 'இந்தப் புதிய கான்ஃபிக்கைப் போட்டுக்கொண்டு மறுதொடக்கம் செய்' என்றால் அதையும் செய்யும். நிர்வாகியின் வசதிக்காகச் செய்த பேக்கப் கதவும் மீட்புக் கதவும் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. இதைக் குறித்த எச்சரிக்கைகள் தாக்குதலுக்கு முன்பே வந்திருந்தன. அப்படித் திறந்து கிடந்த பெட்டிகள் 1,68,000 என்று சிஸ்கோவின் ஆய்வுப் பிரிவான டேலோஸ் எண்ணிச் சொல்லியிருந்தது.

இன்று டிஎஃப்டிபிக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் வழியே எஸ்சிபி. எஸ்எஸ்ஹெச் பிறந்த காரணமும் இதே மாதிரியானதுதான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தார்கள் என்று தெரிந்ததும், அங்கிருந்த டாட்டு யூலோனென் மறையாக்கத்தோடு ஒரு மாற்றை எழுதினார். அதற்குமுன் டெல்நெட்டில் ரவுட்டரின் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ரவுட்டர் என்றால் கையால் பேக்கப் எடுக்கலாம். முந்நூறு என்றால்? இங்கேதான் கட்டளை வரிக் கருவிகளின் ராஜ்யம் தொடங்குகிறது. சிக்கல் என்னவென்றால், ரவுட்டரின் கட்டளை வரி மனிதருக்காக வடிவமைக்கப்பட்டது. பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், ஒரு திரை நிறைந்ததும் 'மோர்' என்று எழுதிவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டும்வரை காத்திருக்கும். தானியங்கி எடுத்த பேக்கப்பில் முதல் 24 வரி மட்டும் இருந்து, அடியில் 'மோர்' என்று நிற்பதை இத்துறையினர் பலர் பார்த்திருப்பார்கள். அதனால்தான் எந்த ஸ்கிரிப்டிலும் உள்நுழைந்ததும் அனுப்பும் முதல் கட்டளை 'டெர்மினல் லெங்த் 0' ஆக இருக்கிறது.

அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் டான் லிப்ஸ் 1990-இல் வெளியிட்ட 'எக்ஸ்பெக்ட்' இந்த வேலைக்காகவே பிறந்ததுபோல் அமைந்தது. 'இந்தச் சொல் வந்தால் அந்தச் சொல்லைத் தட்டு' என்று உரையாடலையே நிரலாக எழுத முடிந்தது. அதை அடித்தளமாக வைத்து ஷ்ரப்பரி நெட்வொர்க்ஸ் உருவாக்கிய கருவி ரேன்சிட். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகுந்து கான்ஃபிக்கை வாங்கி, முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும். பிரதிகளைப் பதிப்புக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கும். அதன் இடத்தை இப்போது பல இடங்களில் ரூபி மொழியில் எழுதப்பட்ட ஆக்சிடைஸ்டு பிடித்திருக்கிறது. அடிப்படை யோசனை அதேதான்.

ஒப்பிடும் வேலையைச் செய்வது 'டிஃப்'. 1970-களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் யூனிக்சுக்காக எழுதிய அதே கருவி. இரண்டு கோப்புகளுக்கும் பொதுவான மிக நீண்ட வரிவரிசையைக் கண்டுபிடித்து, மீதியை மட்டும் காட்டும். வலையமைப்புக்காரர்களுக்குப் பேக்கப்பைவிட இந்த வித்தியாசப் பட்டியலே அதிகம் உதவுகிறது என்பேன். பெட்டி சாவது அபூர்வம். நேற்று மாலை யாரோ ஒரு வரியை மாற்றியதால் இன்று காலை ஒரு கிளை அலுவலகம் இருண்டு கிடப்பது வாரவாரம் நடப்பது. ஆனால் ஒப்பிடும் முன் இரைச்சலை வடிகட்ட வேண்டும். சில சிஸ்கோ பெட்டிகளில் கடிகாரத்தைத் திருத்தும் 'என்டிபி கிளாக்-பீரியட்' என்ற வரி யாரும் தொடாமலே மாறிக்கொண்டிருக்கும். அதை விட்டுவைத்தால் எல்லாப் பெட்டியும் எந்நேரமும் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வரும். இரண்டு வாரத்தில் யாரும் அந்த மின்னஞ்சலைத் திறக்க மாட்டார்கள்.

இனி அந்த நாளுக்கு வருவோம். ரவுட்டர் போய்விட்டது, கையில் பிரதி இருக்கிறது. 'காப்பி டிஎஃப்டிபி ரன்னிங்-கான்ஃபிக்' என்று தட்டுகிறோம். பழைய நிலை திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். கோப்பில் உள்ள வரிகள் இப்போதைய கான்ஃபிக்கின் மேல் நிறைவேற்றப்படும், அவ்வளவுதான். கோப்பில் இல்லாத எதுவும் நீக்கப்படாது. போன மாத மளிகைச் சிட்டையை மறுபடி கடையில் கொடுத்தால், அலமாரி போன மாத நிலைக்குத் திரும்பிவிடுமா? நடுவில் வாங்கியதெல்லாம் அப்படியே இருக்கும், அதன் மேல் சிட்டையில் உள்ளதும் வந்து சேரும்.

இதன் விளைவுகள் நுணுக்கமானவை. ஓர் அணுகல் பட்டியலில், அதாவது ஆக்சஸ்-லிஸ்டில், வரிசைதான் எல்லாம். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியின்படி பாக்கெட்டின் விதி முடிவாகும். இருக்கும் பட்டியலின் மேல் பழைய பட்டியலை ஏற்றினால் புதிய வரிகள் அடியில் போய்ச் சேரும். நடுவில் 'எல்லோரையும் அனுமதி' என்று ஒரு வரி இருந்தால், அதன் கீழே சேர்ந்த எந்தத் தடையும் வேலை செய்யாது. கோப்பைப் பார்த்தால் தடை இருக்கும், நடைமுறையில் இருக்காது.

இன்னொன்று, சொல்லப்படாத வரிகள். சிஸ்கோ ரவுட்டரின் போர்ட்டுகள் புதிதாக வரும்போது மூடிய நிலையில் இருக்கும். 'நோ ஷட்டவுன்' என்று திறக்க வேண்டும். ஆனால் திறந்திருப்பதைக் கான்ஃபிக் எழுதிக்காட்டாது, மூடியிருந்தால் மட்டும் 'ஷட்டவுன்' என்று காட்டும். ஆகவே இயங்கிக்கொண்டிருந்த ரவுட்டரின் பிரதியில் திறக்கும் கட்டளையே இருக்காது. அதைப் புதிய ரவுட்டரின் ரன்னிங்கில் ஒட்டினால் முகவரிகள் எல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கும், ஒரு போர்ட்டும் உயிரோடு இருக்காது. பிரதியை ஸ்டார்ட்அப்பில் வைத்து மறுதொடக்கம் செய்தால் இந்தச் சிக்கல் வராது.

விலான், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி வலையமைப்பு; அதன் பட்டியலுக்கு நேர்மாறான குணம். பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும் ஒரு டிரங்க் போர்ட்டில் ஏற்கெனவே நாற்பது விலான்கள் போய்க்கொண்டிருக்க, 50-ஐயும் சேர்க்க நினைத்து 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், நாற்பதும் போய் 50 மட்டும் மிஞ்சும். மற்ற இடங்களில் கூட்டிச் சேர்க்கும் மொழி இங்கே அழித்து எழுதுகிறது. எந்தக் கட்டளை சேர்க்கும், எந்தக் கட்டளை மாற்றும் என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. பல பத்தாண்டுகளில் பலர் கையால் வளர்ந்த மொழி அது.

பிரதியிலேயே வராதவையும் உண்டு. எஸ்எஸ்ஹெச்சுக்கான தனிச்சாவி கான்ஃபிக்கில் தெரியாது. புதிய பெட்டியில் மறுபடி உருவாக்க வேண்டும். விலான் பட்டியலை மற்ற சுவிட்சுகளுக்குப் பரப்பும் விடிபி சர்வராக இருக்கும் சுவிட்சில், அந்தப் பட்டியல் கான்ஃபிக்கில் இல்லாமல், ஃபிளாஷ் நினைவகத்தில் 'விலான்.டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். மைக்ரோடிக் பெட்டிகள் இந்த விஷயத்தை இரண்டாகவே பிரித்து வைத்திருக்கின்றன: 'எக்ஸ்போர்ட்' தருவது படிக்கக்கூடிய கட்டளை வரிகள், 'பேக்கப் சேவ்' தருவது இருமக் கோப்பு. பின்னது வன்பொருள் முகவரிகளையும் சேர்த்து எடுப்பதால் அதே பெட்டிக்குத்தான் பொருந்தும். வேறு பெட்டிக்கு மாறுவதென்றால் முன்னதுதான் கைகொடுக்கும். இரண்டையும் எடுத்துவைப்பது நல்லது.

சிஸ்கோ இந்தத் தலைவலிக்குப் பின்னாளில் தந்த மருந்து 'கான்ஃபிகர் ரீப்ளேஸ்'. அதன் ரவுட்டர் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 12.3(7)டி பதிப்பில் வந்தது. அது பிரதியை அப்படியே ஏற்றாது. இப்போதைய நிலையையும் பிரதியையும் ஒப்பிட்டு, மிகையானவற்றை 'நோ' போட்டு நீக்கி, குறைவானவற்றைச் சேர்க்கும். பிறகு மறுபடி ஒப்பிடும். ஒரு கட்டளை இன்னொன்றைச் சார்ந்திருந்தால் முதல் சுற்றில் தோற்று இரண்டாம் சுற்றில் வெல்லும் என்பதால், ஐந்து சுற்றுகள் வரை முயலும். ஐந்தாவதிலும் பொருந்தாவிட்டால் தோல்வியை ஒப்புக்கொள்ளும். சார்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு வரிசைப்படுத்த முடியாத மொழிக்கு, திரும்பத் திரும்ப முட்டிப்பார்ப்பதே தீர்வாகியிருக்கிறது. நளினம் குறைவு, வேலை நடக்கிறது.

1996-இல் தொடங்கிய ஜூனிப்பர் நிறுவனம் வேரிலிருந்தே வேறு வழி எடுத்தது. அதன் ஜூனோஸில் நாம் தட்டும் கட்டளைகள் உடனே அமலாகாமல் ஒரு வரைவில் சேரும். 'கமிட்' என்றதும் வரைவு முழுவதையும் சரிபார்த்து ஒரே மூச்சில் நடைமுறைக்குக் கொண்டுவரும். முந்தைய நிலைகளையும் சேர்த்து 50 பதிப்புகளைப் பெட்டியே வைத்துக்கொள்ளும். 'ரோல்பேக் 3' என்றால் மூன்று பதிப்புக்கு முந்தைய நிலை வரைவில் வந்து நிற்கும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 'கமிட் கன்ஃபர்ம்டு'. மாற்றத்தை அமல்படுத்திவிட்டு, பத்து நிமிடத்துக்குள் மீண்டும் உறுதி செய்யாவிட்டால் பெட்டி தானே பழைய நிலைக்குத் திரும்பும். 'ரீலோட் இன் 10' தந்திரம்தான், மறுதொடக்கம் இல்லாமல். உபுண்டு லினக்ஸில் 'நெட்பிளான் ட்ரை' இதையே 120 வினாடிக் கெடுவோடு செய்கிறது.

2002 ஜூனில் அமெரிக்காவின் ரெஸ்டனில் வலையமைப்பை நடத்துபவர்களும் நெறிமுறை எழுதுபவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதன் அறிக்கை ஆர்எஃப்சி 3535. கான்ஃபிக்கைக் கொட்டி எடுப்பதும் திருப்பி ஏற்றுவதும் நடத்துபவர்களுக்கு அடிப்படைத் தேவை என்றும், அதற்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து 2006-இல் நெட்கான்ஃப் என்ற நெறிமுறை பிறந்தது. பெட்டிக்குச் சொன்ன விதிகளையும் பெட்டி தானாக அறிந்துகொண்ட நிலவரங்களையும் அது தெளிவாகப் பிரித்தது. உறுதி செய்யாவிட்டால் 600 வினாடியில் பின்வாங்கும் வசதியும் அதில் உண்டு.

இத்தனை இருந்தும் பிரதியோடு வெளியே நிற்க நேரலாம். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில், மையப் புதுப்பிப்புப் பணியின் ஒரு கட்டத்தில், ஒரு ரவுட்டரின் வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வழித்தடத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரவுட்டர்கள் மூழ்கின. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் நின்றன. கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. நீக்கியது ஒரு விதியைத்தான், திரும்பப் போட்டால் தீர்ந்தது. ஆனால் ரவுட்டர்களுக்குள் நுழையப் பொறியாளர்கள் பயன்படுத்திய மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தை நம்பியிருந்தது. பதிவேடுகளைப் பார்க்க வழியில்லாமல், காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது. வேறு நிறுவனத்தின் இணைப்பில் ஒரு கன்சோல் வழி, பிரதிக்குச் சமமாக முக்கியம்.

கடைசியாக, பிரதி எங்கே கிடக்கிறது என்ற கேள்வி. கான்ஃபிக் கோப்பு என்பது ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு வரைபடம். சிஸ்கோவின் 'டைப் 7' கடவுச்சொற்கள் குழப்பமான எண்களாகத் தெரிந்தாலும், மாறாத ஒரே சாவியால் மறைக்கப்பட்டவை. ஒரு நொடியில் அவிழ்த்துவிடலாம். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பவரைத் தடுப்பதற்கு மட்டுமே அது உதவும். 'டைப் 9' போன்ற புதிய முறைகளுக்கு மாறுவதும், பேக்கப் களஞ்சியத்தைப் பூட்டிவைப்பதும் தவிர வேறு வழியில்லை.

பெட்டியே ஒரு பிரதி என்பதையும் பலர் மறக்கிறார்கள். ஈசெட் நிறுவனம் பழைய சந்தையில் 18 ரவுட்டர்களை வாங்கிப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் ஒன்பதில் முந்தைய உரிமையாளரின் கான்ஃபிக் முழுதாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் பழைய சுவிட்சையோ ரவுட்டரையோ விற்கப்போகிறீர்கள் என்றால், விலைபேசும் முன் கன்சோலில் அமர்ந்து 'ரைட் இரேஸ்' தட்டுங்கள், ஃபிளாஷில் உள்ள விலான்.டாட் கோப்பையும் தனியாக அழியுங்கள், பிறகு ஒருமுறை மறுதொடக்கம் செய்து உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.